எம்.எல்.ஏ. பதவி ஐந்து ஆண்டு முடியும் முன்பே எப்படியெல்லாம் பறிபோகும்?

டிவி விவாதங்களில் கட்சித் தாவலைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் ஒரே நாளில் பதவியைக் காலி செய்வது குற்ற வழக்குத் தீர்ப்பு.

2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால், தீர்ப்பு வந்த நாளிலிருந்தே தகுதியிழப்பு. இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் இந்த 2 ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, அபராதம் மட்டும் விதித்தாலே போதும். பதவியில் இருப்பவர் மேல்முறையீடு செய்ய முன்பு 3 மாத அவகாசம் இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

செய்தி படிப்பவர்கள் குழம்புவது இதற்கு அடுத்த கட்டத்தில். 'தண்டனை நிறுத்திவைப்பு' என்றால் சிறைக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். பதவி நிலைக்க, குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும். பழைய கல்வீச்சு வழக்கில் 2019 ஜனவரியில் 3 ஆண்டு தண்டனை பெற்ற ஓசூர் பாலகிருஷ்ணா ரெட்டிக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. அமைச்சர் பதவியோடு தொகுதியும் போயிற்று. சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்ற தி.மு.க.வின் பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்கே தடை தந்தது, அவருடைய திருக்கோவிலூர் தொகுதி திரும்பக் கிடைத்தது.

கட்சித் தாவலில் முடிவெடுப்பவர் சபாநாயகர். கொறடா உத்தரவை, அதாவது பேரவையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஓட்டே போடாமலும் மாட்டலாம்: 2017-ல் 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததையே, தாமாகக் கட்சியை விட்டு விலகியதாக எடுத்துக்கொண்டு சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் முரண்பட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த உத்தரவு செல்லும் என்றார். புகார் வந்தால் சாதாரணமாக 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழுத்தடிப்பது அதனால் நின்றுவிடவில்லை.

ராஜினாமா கடிதம் சபாநாயகரிடம்தான் போக வேண்டும். கட்சித் தலைவரிடம் கொடுப்பது வெறும் நாடகம். மிரட்டி வாங்கியது என்று தெரிந்தால் சபாநாயகர் ஏற்க மறுக்கலாம்.

அனுமதியில்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டாலும் இடம் காலி என்று பேரவை அறிவிக்கலாம். ஆனால் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் அவை ஒத்திவைக்கப்பட்ட நாட்கள் இந்தக் கணக்கில் சேராது என்பதால், யாரும் இதில் எளிதில் சிக்குவதில்லை.

காலியான இடத்துக்கு 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை.