கார்டுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 42,000 ரூபாய் வருகிறது. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி. மாதம் 3,500 கட்டி வருகிறோம். வங்கியில் நகைக்கடன் 1,50,000. வண்டித் தவணை 3,200, மகளிர் குழுக் கடன் தவணை 2,400. வாடகை, மளிகை, பால், பள்ளி வேன், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 27,000. சேமிப்பு என்று 2,000 கூட இல்லை. போன வருடம் பையனுக்கு டெங்கு வந்து 9,000 செலவானது; அதையும் கார்டில்தான் தேய்த்தோம். இப்போது தீபாவளி போனஸ் 40,000 வருகிறது. மொத்தத்தையும் கார்டில் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்குக் கை வெறுமையாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: போனஸில் 25,000 கார்டுக்குப் போகட்டும். 15,000 உங்கள் கையில் இருக்கட்டும்.

முதலில் கார்டு. பல வங்கிகள் மாதம் 3.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் போடுகின்றன. ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. அதே ஊரில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கத் தயங்குகிறவர்கள் கார்டில் மூன்றரை வட்டி கட்டுவதை உணர்வதே இல்லை. 60,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டி 2,100. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக 2,478 ரூபாய். நீங்கள் கட்டும் 3,500-ல் அசலுக்குப் போவது 1,022 மட்டும். கார்டு பில்லின் முதல் பக்கத்தில் ‘மினிமம் அமவுண்ட் ட்யூ’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். உள்பக்கத்தில் ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்று ஒரு வரி இருக்கும். மாதாமாதம் நீங்கள் கட்டுவதில் எவ்வளவு வீணாகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பிறகு ஏன் மொத்தத்தையும் கட்டச் சொல்லவில்லை? கணக்காகப் பார்த்தால் கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. 25,000 கட்டினால் பாக்கி 35,000. அதன்பின் மாதம் 6,500 கட்டினால் ஏழாவது மாதம் தீரும். அதற்குள் வட்டியும் ஜிஎஸ்டியுமாகச் சுமார் 5,400 போகும். 40,000-ஐயும் கட்டினால் நான்காவது மாதம் தீர்ந்துவிடும். வட்டி 1,900-க்குள் அடங்கும். ஆகவே 15,000-ஐக் கையில் வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை சுமார் 3,500 ரூபாய். இதை மறைப்பதற்கில்லை.

அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்பதே எங்கள் கருத்து. கை காலியாக இருக்கும் வீட்டில் அடுத்த காய்ச்சல் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். கார்டில் இடம் இருக்கும் என்று நம்ப முடியாது. பாக்கி அதிகமுள்ள கார்டின் லிமிட்டை வங்கி குறைத்துவிடலாம். சிறிய கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் ரொக்கம் கேட்பார்கள். கார்டில் ரொக்கம் எடுத்தால் வழக்கமாக 2.5 சதவீதக் கட்டணம், அதோடு எடுத்த அன்றிலிருந்தே வட்டி. அதுவும் முடியாதபோது தட்டுவது ஐந்து வட்டிக்குக் கடன் கொடுப்பவர் கதவை. மகளிர் குழுத் தவணை ஒன்று தவறினால் உங்களோடு போவதில்லை, குழுவில் இருக்கும் மற்றவர்கள் தலையிலும் விழும்.

ஏன் 15,000? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு வருடத்தில் வந்த பெரிய திடீர்ச் செலவு 9,000. தவறவே கூடாத தவணைகள் வண்டிக்கும் குழுவுக்கும் சேர்த்து 5,600. கூட்டினால் 14,600. மற்ற வாசகர்களும் இதே முறையில் போட்டுக்கொள்ளலாம்: போன 12 மாதத்தில் வந்த ஒற்றைப் பெரிய திடீர்ச் செலவு, அதோடு ஒரு மாதத் தவணை. கடன் உள்ள வீட்டில் முதல் கட்டத்துக்கு இவ்வளவு போதும். ஆறு மாதச் செலவைச் சேர்த்த பிறகே கடனை அடைப்பேன் என்று உட்கார்ந்தால் மூன்றரை வட்டி தின்றுவிடும்.

மொய், தீபாவளித் துணி, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் எதுவும் திடீர்ச் செலவு அல்ல. வரும் என்று தெரிந்தவை. அவற்றின் வருடத் தொகையை 12-ஆல் வகுத்துத் தனியாக எடுத்து வையுங்கள். பல வீடுகளில் அவசரப் பணம் ஆவணி முகூர்த்தத்தில் கரைந்துவிடுவது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைப்பதால்தான்.

இனி மாதக் கணக்கு. 42,000-ல் வீட்டுச் செலவும், கார்டுக்கு இப்போது கட்டும் 3,500 உட்பட எல்லாத் தவணையும் போக 5,900 மிஞ்ச வேண்டும். அதில் 3,000-ஐக் கார்டுக்குக் கூட்டி 6,500 ஆக்குங்கள். 1,200 நகைக்கடன் வட்டிக்கு. 1,000 மொய், பள்ளிக் கட்டணக் கணக்குக்கு. மீதி 700 கையில் இருக்கட்டும். இறுக்கிப் பிடித்த கணக்கு இரண்டாம் மாதமே அறுந்துபோகும்.

கார்டை அந்த ஏழு மாதமும் தொடவே கூடாது. பாக்கி முழுதும் தீராதவரை 45 நாள் வட்டியில்லா அவகாசம் கிடையாது. இன்று 500 ரூபாய்க்கு மளிகை வாங்கினாலும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். போன் ஆப்களில் பதிந்துவைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். கடைசித் தவணை கட்டிய பிறகும் அடுத்த பில்லில் ஒரு சிறு தொகை வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தீர்ந்துவிட்டது என்று அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

இருவரில் ஒருவருக்காவது சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் நடக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் பிள்ளைகளுக்கும் சிகிச்சை உண்டு. போன வருட 9,000 மிச்சமாகியிருக்கும்.

கார்டு தீர்ந்ததும் விடுபடும் 6,500-ல் பாதியை நகைக்கடன் அசலுக்கும் பாதியைச் சேமிப்புக்கும் திருப்புங்கள். இலக்கு மூன்று மாதச் செலவும் தவணையும், அதாவது சுமார் 98,000. உங்கள் வீட்டுக்கு நான்கு மாதம் என்றாலும் அதிகமில்லை. இருவர் வருமானமும் ஒரே தொழிலிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது போன்ற அடி மறுபடி விழுந்து ஆர்டர் குறைந்தால் இரண்டு சம்பளமும் ஒன்றாகவே குறையும்.

கேள்வி: அவசரப் பணத்தை எங்கே வைப்பது? போஸ்ட் ஆபீஸ் ஆர்டியா, ஏலச்சீட்டா, தங்கக் காசா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மூன்றுமே இதற்குப் பொருந்தாது. மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் அஞ்சலக ஆர்டி ஐந்து வருடத் திட்டம்; மூன்று வருடம் முடியாமல் கணக்கை முடிக்க முடியாது. 12 தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடன் கிடைக்கும், அவ்வளவுதான். ஏலச்சீட்டில் அவசரத்துக்கு எடுத்தால் தள்ளி, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் மீதி மாதங்களுக்குச் சீட்டுக் கட்ட வேண்டும், ஆகவே அதுவும் ஒரு கடன்தான். தங்கக் காசை வாங்கும்போது கொடுத்த 3 சதவீத ஜிஎஸ்டியும் செய்கூலியும் விற்கும்போது திரும்பாது.

சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். ஆனால் தவணை பிடிக்கும் கணக்கில் வைக்காதீர்கள். கார்டோ கடனோ இருக்கும் வங்கியிலும் வேண்டாம். பாக்கி தவறினால் அதே வங்கியில் உள்ள உங்கள் சேமிப்பிலிருந்து ஈடுசெய்துகொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். ஒரு மாதச் செலவுக்கு மேல் சேர்ந்ததை வங்கியில் சிறு சிறு வைப்புத் தொகையாக, 10,000, 10,000 என்று போடுங்கள். தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். வட்டி குறைவு என்று வருந்த வேண்டாம். இந்தப் பணம் வட்டிக்காக இருப்பதில்லை.

கேள்வி: 2 லட்சம் நகைக்கடன். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். இந்த முறை முழுத் தொகையையும் கட்டிவிட்டு மறுபடி அடகு வைக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளுக்கு வெளியே வாங்கிக் கட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதற்கு முன் கிளை மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, கடன் வாராக்கடன் ஆகாமலும், நகை மதிப்பில் இவ்வளவு வரைதான் கடன் தரலாம் என்ற வரம்புக்குள்ளும் இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டியதும் புதுப்பிக்க இடமுண்டு. அந்தந்த வங்கியின் கொள்கை வேறாக இருக்கலாம் என்பதால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறோம்.

ஒரு நாள் வட்டிப் பணத்தில் உள்ள ஆபத்து வட்டி மட்டுமல்ல. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றாலும் 2,000 போகும். சரி, அதைப் பொறுக்கலாம். நீங்கள் கட்டி முடித்த பிறகு நகை மதிப்பீட்டாளர் விடுப்பு, சர்வர் ஓடவில்லை, போன முறையை விட மதிப்பு குறைவு என்று ஏதாவது வந்தால் ஒரு நாள் ஒரு வாரமாகும். வெளியே வாங்கிய 2 லட்சத்துக்கு அன்றாடம் வட்டி ஏறும்.

மறுபடி வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். மோதிரம் கம்மல் ஒரு ரசீது, செயின் ஒரு ரசீது, வளையல் ஒரு ரசீது என்று பிரித்தால், 40,000 சேர்ந்ததும் சிறியதை மீட்டுவிடலாம். ஒரே ரசீதென்றால் கடைசி ரூபாய் வரை கட்டினால்தான் ஒரு கிராமாவது வெளியே வரும். 9 சதவீத வட்டியில் 2 லட்சத்துக்கு மாதம் 1,500; அதை மாதாமாதம் கட்டி வந்தால் வருடக் கடைசியில் 18,000-க்கு அலைய வேண்டியதில்லை. இது முக்கால் வட்டிக் கடன். ஆகவே இதைவிட மேலான வட்டிக் கடன் வீட்டில் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். முழுதும் கட்டிய பிறகு 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கமென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கேள்வி: தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறேன். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 தந்தார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். இதற்கு என்ன வட்டி? கொஞ்சம் பணம் கையில் சேர்ந்தால் முன்கூட்டியே அடைத்துவிடவா?
– வாசகி, மதுரை

பதில்: பார்வைக்கு 15 சதவீதம் போலத் தோன்றும். ஆனால் அசலை முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்; 8,500 முழுதாக உங்கள் கையில் இருந்தது ஒரு நாள்தான். கணக்குப் போட்டால் மாதத்துக்குப் பத்து வட்டி, வருடத்துக்கு 120 சதவீதம்.

இருந்தும் இதை முன்கூட்டி அடைக்காதீர்கள். வட்டி 1,500-ஐ முதலிலேயே பிடித்துவிட்டார்கள். 40-ஆம் நாள் அடைத்தாலும் மீதி 6,000-ஐ முழுதாகத்தான் கேட்பார்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லை. எவ்வளவு குறைத்து வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குறைக்க மாட்டேன் என்றால் கையில் சேர்வது கையிலேயே இருக்கட்டும். கார்டுக்கும் தண்டலுக்கும் உள்ள வேறுபாடு இது: கார்டில் இன்று கட்டும் ரூபாய் நாளைய வட்டியைக் குறைக்கும், தண்டலில் குறைக்காது. அடைக்க வேண்டியது இந்தத் தண்டலை அல்ல. அடுத்த தண்டல் வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

100-ஆம் நாள் முடிந்ததும் 101-ஆம் நாளிலிருந்து அதே 100 ரூபாயை உண்டியலில் போடுங்கள். வாரம் ஒரு முறை அஞ்சலகத்தில் கட்டுங்கள். 85 நாளில் உங்கள் சொந்த 8,500 தயார். அதுவரை சரக்கு எடுக்க முதல் வேண்டுமென்றால், மாநகராட்சி வழங்கும் தெருவோர வியாபாரி சான்றிதழோடு வங்கிக்குப் போய் பிஎம் ஸ்வநிதி கடன் கேளுங்கள். அடமானம் வேண்டாம்; முதல் கடன் 15,000 வரை; ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் அடுத்த முறை 25,000 வரையிலும் கிடைக்கும்.

தவணை தவறியதற்காக வண்டியைப் பிடுங்குவது, வீட்டு முன் வந்து சத்தம் போடுவது என்று யாராவது இறங்கினால் பயந்து இன்னொரு இடத்தில் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கந்துவட்டிக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து நடப்பில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்த தேதி, தொகை, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் உள்ள தண்டல் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தினமும் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், அட்டையை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டாலும் காவல் நிலையத்தில் காட்ட உங்களிடம் சாட்சி இருக்கும்.