மார்ச் மாத ஹோம் ரன்னை நம்பலாமா?

கேள்வி: டாலஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் இந்த வருடம் என்னையும் பேஸ்பால் ஃபேன்டஸி லீக்கில் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எண்களை வைத்து ஆடும் போட்டி) இழுத்துவிட்டார்கள். மார்ச் கடைசி வாரம் டிராஃப்ட், அதாவது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நாள். சீசனுக்கு முன்பாக இப்போது நடக்கும் ஸ்பிரிங் ட்ரெய்னிங் முகாம் ஆட்டங்களைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பெயர் தெரியாத பையன் ஒருவன் நாலு ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்கிறான். போன வருடம் கலக்கிய பிட்சர் (பந்து வீசுபவர்) இரண்டு இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுக்கிறார். யாரை எடுப்பது? அடுத்த வாரம் அரிசோனா போய் இரண்டு ஆட்டம் நேரிலும் பார்க்கப் போகிறேன். அங்கே என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பிட்சரைப் பற்றிய கவலையை விடுங்கள். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முகாமுக்கு வருகிறார்கள், மாதக் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அப்போது அனுபவமுள்ள பிட்சர் ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் போடுவார். மார்ச் முடிவதற்குள் ஐந்தாறு இன்னிங்ஸ், எண்பது தொண்ணூறு பந்து தாங்கும் அளவுக்குக் கையைக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. ஜெயிப்பது அல்ல. குளிர்காலத்தில் கற்றுக்கொண்ட புதுப் பந்து ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். பேட்டர் அதை வேலிக்கு அப்பால் அனுப்பினாலும் அடுத்த பந்தும் அதேதான் வரும். போதாததற்கு அரிசோனாவின் வறண்ட காற்றில் அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும், வளைபந்து வழக்கம்போல வளையாது. டெஸ்ட் தொடருக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் வேகப்பந்து வீச்சாளர் வாங்கிய அடியை நாம் எப்படி எடுத்துக்கொள்வோமோ, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிட்சரிடம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேகம். அதையும் போன ஜூலையோடு ஒப்பிடக் கூடாது, போன மார்ச்சோடு ஒப்பிட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் மணிக்கு இரண்டு மைல் குறைவு என்றால் பரவாயில்லை. மார்ச் கடைசியிலும் அதே குறைவு இருந்தால், கூடவே முறை வரும்போது ஒரு ஆட்டத்தைத் தவிர்த்தால், அவரை வேறு யாராவது எடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ரன் கணக்கு எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அந்தப் பையன். முகாம் முழுக்க ஒரு பேட்டருக்கு 50 வாய்ப்பு கிடைத்தாலே அதிகம். சாதாரணமாக .260 அடிக்கும் ஒருவர், அதாவது 100 வாய்ப்பில் 26 முறை ஹிட் அடித்து பேஸை எட்டுபவர், அதில் 13 ஹிட் அடிக்க வேண்டும். மூன்று பந்து ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்துவிட்டால் 16 ஹிட், சராசரி .320. அதே மூன்று பந்து கைக்குள் போனால் 10 ஹிட், சராசரி .200. இவ்வளவு ஊசலாட்டம் வெறும் அதிர்ஷ்டத்திலேயே சர்வசாதாரணமாக நடக்கும். ஒன்று நட்சத்திரம், இன்னொன்று தோல்வி என்று டி.வி.யில் பேசுவார்கள். ஆள் ஒருவர்தான்.

அதற்கு மேல், யார் போட்ட பந்தை அடித்தான் என்று பாருங்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு அப்புறம் மூத்த வீரர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். சட்டையில் எண்பது, தொண்ணூறு என்று எண் போட்ட மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) பையன்கள்தான் களத்தில் இருப்பார்கள். எட்டாவது இன்னிங்ஸில் அப்படி ஒரு பிட்சரை அடித்த ஹோம் ரன்னும், இரண்டாவது இன்னிங்ஸில் முதல்தரப் பிட்சரை அடித்த ஹோம் ரன்னும் ஸ்கோர்கார்டில் ஒன்றாகத்தான் தெரியும். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் முகாம் புள்ளிவிவரங்களோடு எதிரணியின் தரத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது, பத்துக்கு எவ்வளவு என்று. சராசரியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பாருங்கள்.

பேட்டரின் எண்களில் கொஞ்சமாவது நம்பத் தகுந்தது ஸ்ட்ரைக் அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது) வாக்கும்தான் (பிட்சர் நான்கு பந்தைத் தவறாகப் போட்டதால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது). பந்து எங்கே விழுகிறது என்ற அதிர்ஷ்டத்துக்கு அதில் இடமில்லை, பேட்டர் பந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் அதில் தெரியும். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறத்தாழ 60 வாய்ப்புகளிலேயே ஓரளவு நிலைக்குவரத் தொடங்கும் என்பது இத்துறையில் பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. போன வருடம் மூன்று முறைக்கு ஒருமுறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவன் இந்த மார்ச்சில் ஆறு முறைக்கு ஒருமுறைதான் ஆகிறான் என்றால், ஹோம் ரன்னே அடிக்காவிட்டாலும் அவன் பெயரைக் குறித்துவைத்துக்கொள்வேன்.

2013-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முகாமில் ஜாக்கி பிராட்லி ஜூனியர் .419 அடித்தார். அணியின் முன்னணி பேட்டர் டேவிட் ஓர்டிஸ் குதிகால் காயத்தால் வெளியே இருந்தார். அணியில் ஓர் இடம் காலி, ஊரெல்லாம் பையனைப் பற்றியே பேச்சு. சீசனின் முதல் ஆட்டத்திலேயே யாங்கீ மைதானத்தில் இறக்கினார்கள். அன்று மூன்று வாக் வாங்கினார். ஆனால் 31 வாய்ப்பில் 3 ஹிட் என்ற நிலையில், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஓர்டிஸ் திரும்பும் நேரத்துக்கு மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். அந்த வருடச் சராசரி .189. திறமை இல்லாதவர் இல்லை, 2018-ல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். ஆனால் 2013 மார்ச்சை நம்பி டிராஃப்டில் எடுத்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

எதிர்த் திசையில் ஓட்டானி. 2018-ல் ஜப்பானிலிருந்து வந்தவர், பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்பவர், ஏஞ்சல்ஸ் அணியின் டெம்பி முகாமில் 32 வாய்ப்பில் 4 ஹிட், சராசரி .125. பிட்சராகப் போட்ட இரண்டு கேக்டஸ் லீக் (அரிசோனா முகாம்) ஆட்டங்களில் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் கணக்கு, 27.00. மைனர் லீக்கில் தொடங்கட்டும் என்று எழுதியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் மார்ச் கடைசியில் நடந்தது. பந்து வரும்போது முன்காலை உயரத் தூக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, கால் விரலைத் தரையில் வைத்து லேசாகத் திருப்பும் முறைக்கு மாறினார். வேகமான பந்துக்கு நேரம் போதாமல் திணறியவருக்கு நேரம் கிடைத்தது. சீசனின் முதல் வாய்ப்பிலேயே ஹிட், வருட முடிவில் .285 சராசரி, 22 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. .125 என்ற எண் பொய் சொல்லவில்லை, ஆனால் அது பழைய ஓட்டானியின் எண். மார்ச்சில் தேட வேண்டியது இந்த மாதிரி மாற்றத்தைத்தான்: புது நிற்பு, புதுப் பந்து, கூடிய வேகம், மாறிய ஃபீல்டிங் இடம்.

ஃபீல்டிங் இடம் என்றதும் ஜாக்சன் மெரில் ஞாபகம் வருகிறது. சான் டியேகோ பாட்ரெஸ் 2023 டிசம்பரில் ஹுவான் சோட்டோவையும் டிரெண்ட் கிரிஷமையும் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியில்) இரண்டு இடம் காலி. மெரில் உள்வட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் ஆடும் 20 வயதுப் பையன், மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் நிலையான டபுள்-ஏ தரத்துக்கு மேல் ஆடியதே இல்லை. பியோரியா முகாமில் அவரை அவுட்ஃபீல்டின் நடுவிடமான சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள். ஒருநாள் சோதனையாக அல்ல, தொடர்ந்து. ஒரு அணி தன் அருமைப் பையனைப் பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தி, முதல் வரிசை வீரர்களோடு ஆடவிட்டால், அவனை நாளைக்கே வேலைக்கு எடுக்கப் போகிறது என்று அர்த்தம். மார்ச்சிலேயே சியோலில் டாட்ஜர்ஸுக்கு எதிரான சீசன் தொடக்க ஆட்டத்தில் இறங்கினார், அந்த வருடம் .292, 24 ஹோம் ரன். அவர் ஹோம் ரன்களை எண்ணியவர்களைவிட எங்கே நிற்கிறார் என்று பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் விஷயம் புரிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் கணக்குப் பிள்ளைகள் குறுக்கே வரலாம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் முகாமில் .425 அடித்து, 9 ஹோம் ரன்னோடு எல்லா அணி வீரர்களையும் முந்தினார். அப்படியும் மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். 172 நாள் அணியில் இருந்தால்தான் ஒரு முழு வருடச் சேவை. ஆறு வருடம் முடிந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டதால் அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரு நாள் குறைவு! அணிக்கு ஒரு வருடம் லாபம். லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த 2022 ஒப்பந்தத்துக்கு அப்புறம், தகுதியான இளம் வீரரை ஆரம்பத்திலிருந்தே ஆடவிட்டு அவர் சிறந்த புதுமுகமானால் புது வீரர்களை எடுக்கும் லீக்கின் சொந்த டிராஃப்டில் அணிக்குக் கூடுதல் தேர்வு கிடைக்கிறது. சியாட்டில் அணிக்கு ஹூலியோ ரொட்ரீகஸ் அப்படி ஒன்று வாங்கிக்கொடுத்தார். அதனால் இந்தத் தந்திரம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. ஆகவே உங்கள் பையன் அணியின் 40 பேர் பட்டியலில் (பெரிய லீக்கில் ஆட இதில் இடம் வேண்டும்) இருக்கிறானா, அவன் இடத்தில் வேறு யாருக்கு என்ன சம்பளம் ஒப்பந்தமாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அரிசோனாவில் இருக்கும் 15 அணிகளின் மைதானங்களும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருப்பதால் அலைச்சல் அதிகமில்லை. டிக்கெட் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை: சில நாள் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊரில் ஆடும். நீங்கள் பார்க்க நினைத்தவர் அங்கே இருப்பார், நீங்கள் இங்கே இருப்பீர்கள். மூத்த வீரர்கள் பெரும்பாலும் வெளி மைதானத்துக்குப் பயணம் செய்ய மாட்டார்கள், அதனால் அந்த அணியின் சொந்த மைதான ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். முதல் ஐந்து இன்னிங்ஸில் போனைப் பையில் வையுங்கள். அந்தப் பையன் வரிசையில் எத்தனாவது ஆளாக வருகிறான், வளைபந்தைத் துரத்தி ஆடுகிறானா விடுகிறானா என்பதை மட்டும் பாருங்கள். சீக்கிரம் போக முடிந்தால் இன்னும் நல்லது. சில முகாம்களில் காலைப் பயிற்சியைப் பின்பக்க மைதானங்களில் நின்று பார்க்கலாம்.

டிராஃப்டுக்கு வருவோம். அந்தப் பையனைக் கடைசி மூன்று நான்கு சுற்றுகளுக்குள் கிடைத்தால் மட்டும் எடுங்கள், அதுவும் அணியில் அவனுக்கு இடம் காலியாக இருந்தால். மைனர் லீக் வீரரைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி உங்கள் லீக்கில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இருந்தால் துணிந்து எடுக்கலாம். அடி வாங்கிய அந்தப் பிட்சரை நண்பர்கள் பயந்து விட்டுவைத்தால், வேகம் குறையாத பட்சத்தில், வழக்கமான சுற்றுக்கு ஒரு சுற்று தள்ளி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டிராஃப்ட் தேதியைத் தள்ளிப்போட முடியுமானால் சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாளுக்கு வைக்கச் சொல்லுங்கள். காயம், இறுதிப் பட்டியல் இரண்டும் அதற்குள் தெரிந்துவிடும்.