யேலின் முதல் பெண்கள்: பன்னிரண்டால் வகுத்த கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்கள் மட்டுமே படித்த அமெரிக்காவின் யேல் கல்லூரி 1969இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் ஆண்டிலேயே ஐந்நூறுக்கும் மேல் சேர்ந்திருக்கிறார்கள். அப்படியும் அவர்களில் பலர் தனிமையைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்? கறுப்பினப் பெண்களின் நிலை வேறாக இருந்ததா?

க.

அன்புள்ள க.,

575 பேர். ஆனால் அவர்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. யேலின் இளங்கலைப் பிரிவு அப்போது 12 உறைவிடக் கல்லூரிகளால் ஆனது. சாப்பாட்டுக்கூடம், நூலகம், நட்பு எல்லாம் அதற்குள்தான். எந்த உறைவிடமும் பெண்களில்லாமல் இருக்கக்கூடாது என்று பன்னிரண்டுக்கும் பங்குபோட்டார்கள். உறைவிடத்துக்கு ஐம்பது பேர்கூடத் தேறவில்லை. அதிலும் முதலாண்டு மாணவிகள் 230 பேருக்கு வாண்டர்பில்ட் ஹால் என்ற தனி விடுதியில் இடம் கொடுத்துவிட்டார்கள். மீதி 345 பேர் வேறு கல்லூரிகளிலிருந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு நேராக வந்தவர்கள். ஆண்களுக்குள் நட்புவட்டங்கள் ஏற்கெனவே அமைந்துவிட்ட இடத்தில், உறைவிடத்துக்கு முப்பது பேர்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருப்பவளிடம் ‘பெண்கள் தரப்பு என்ன?’ என்று பேராசிரியர் கேட்பது வாடிக்கை. நான்கைந்து உறைவிடங்களில் மட்டும் சேர்த்து வைத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

இதே வகுத்தலைக் கறுப்பினப் பெண்களுக்குச் செய்து பாருங்கள். அவர்கள் சுமார் 40 பேர். உறைவிடத்துக்கு மூன்று, நான்கு. ஒரு சாப்பாட்டு மேசைகூட நிறையாது. அதனால் அவர்களுக்கான இடம் உறைவிடத்துக்கு வெளியேதான் கிடைத்தது: அதே 1969இல் திறந்த ஆப்ரோ-அமெரிக்கப் பண்பாட்டு மையம். பாடத்திலும் அவர்கள் காத்திருக்கவில்லை. உறைவிடக் கல்லூரிகளில் மாணவர்களே ஒரு கருத்தரங்க வகுப்பை முன்மொழியலாம் என்றொரு ஏற்பாடு இருந்தது. 1971இல் பட்டம் பெற்ற வேரா வெல்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு, கறுப்பினப் பெண்களைப் பற்றிய வகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். கற்பிக்க வந்தவர் சில்வியா பூன். பின்னாளில், 1988இல், யேலில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். (யேலுக்கே கறுப்பினப் பெண்கள் புதியவர்கள் அல்லர். ஒட்டீலியா க்ராம்வெல் 1926இலேயே அங்கு முனைவர் பட்டமும், ஜேன் போலின் 1931இல் சட்டப் பட்டமும் வாங்கியவர்கள். மூடிக் கிடந்தது இளங்கலைக் கதவு.)

பெண்களின் எண்ணிக்கை ஏன் கூடவில்லை என்பதற்குக் காரணம் யேலின் தலைவர் கிங்மன் ப்ரூஸ்டர் பழைய மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கு: ஆண்டுதோறும் ஆயிரம் ஆண்கள், ஒருவரும் குறையாது. பெண்களுக்கு அதற்கு மேல் மிஞ்சும் படுக்கைகள்தாம். பெண்களைச் சேர்க்கும் பொறுப்பைக் கவனித்த எல்கா வாஸர்மன் வேதியியல் முனைவர். அவருக்கோ டீன் பதவிகூடத் தரவில்லை, ‘தலைவரின் சிறப்பு உதவியாளர்’ என்ற பெயர்தான்.

சட்டம் வந்து இதை உடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் நைன் சட்டம் தனியார் கல்லூரிகளின் இளங்கலைச் சேர்க்கைக்கு விலக்கு அளித்தது. மாணவிகளும் அவர்களோடு நின்ற மாணவர்களும் மூன்று ஆண்டுகள் விடாமல் நெருக்கிய பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் யேலின் ஆட்சிக்குழுவே ஆண்-பெண் ஒதுக்கீட்டைக் கைவிட்டது.