நாத்தத்த அளக்க முடியுமா? ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோல் பதனிடற ஊருங்கள்ல இருந்து வந்த கேள்விங்க

ஆம்பூர் வாசகி: சார், ஆன்லைன்ல ஒரு கேஸ் மீட்டர் வாங்கினேன். அழுகின முட்டை நாத்தம் குடலப் பொரட்டுது, மீட்டர்ல பூஜ்யம்தான் காட்டுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டா இருக்கணும்னு இல்லம்மா. அந்த மாதிரி மீட்டர் ஆள் உயிரக் காப்பாத்த செஞ்சது, ஒரு பிபிஎம்க்குக் கீழ, அதாவது காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குக்குக் கீழ, பெரும்பாலும் சரியா காட்டாது. ஆனா அழுகின முட்டை மாதிரி நாறுற ஹைட்ரஜன் சல்பைடு கேஸ நம்ம மூக்கு சில பிபிபிலயே (நூறு கோடில சில பங்கு) புடிச்சிடும், ஆயிரம் பிபிபி சேந்தாதான் ஒரு பிபிஎம். அதனால மீட்டர் பூஜ்யம் காட்டுதுன்னு யாராவது சொல்லி உங்க வாய அடைச்சா ஒத்துக்காதீங்க.

ராணிப்பேட்டை: வெளிநாட்டுல மனுஷங்க மூக்க வெச்சே அளக்கறாங்களாமே? ஆளுக்கு ஆள் மாறாதா?

மாறும், அதனாலதான் ஆளயே மொதல்ல அளக்கறாங்க! ஐரோப்பாவுல இஎன் 13725னு ஒரு தரமுறை இருக்கு, 2003ல வந்து 2022ல திருத்தினாங்க. அதுல பியூட்டனால்னு ஒரு கெமிக்கல மோந்து பாக்க வெச்சி, 20ல இருந்து 80 பிபிபிக்குள்ள கண்டுபுடிக்கறவங்கள மட்டும்தான் சேப்பாங்க, ரொம்ப கூரான மூக்கும் வேணாம், மந்தமான மூக்கும் வேணாம். கொறஞ்சது நாலு பேர். ஸ்பாட்டுல காத்த வாசனை ஒட்டாத பையில புடிச்சி 30 மணி நேரத்துக்குள்ள லேபுக்கு வந்துடணும். அங்க சுத்தமான காத்த கலந்து கலந்து நீர்க்க வெச்சி மோக்க குடுப்பாங்க, எத்தன மடங்கு நீர்த்தப்போ பாதிப் பேருக்கு வாடை தெரியுதோ அதுதான் கணக்கு. 500 மடங்குன்னா 500 ஓடர் யூனிட், அதாவது நாத்த அலகு. ஜப்பான்ல இன்னும் எளிமையா மூணு பை குடுத்து எதுல நாத்தம்னு கேப்பாங்க, அங்க 1971லயே நாத்தத்துக்குன்னு தனிச் சட்டம் வந்துடுச்சி.

மேல்விஷாரம்: காத்து டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாமே லிமிட்டுக்குள்ளதான், அப்புறம் ஏன் நாறுது?

நம்ம நாட்டோட 2009 காத்துத் தர அளவுல இருக்கற 12 பொருள்ல அமோனியா இருக்கு, 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 400 மைக்ரோகிராம். ஹைட்ரஜன் சல்பைடு அந்த லிஸ்ட்லயே இல்ல. அது போக பத்து கேஸ் ஒண்ணா கலந்து அடிக்கற நாத்தத்த ஒவ்வொண்ணா பிரிச்சி அளந்தா அந்த நாத்தம் கணக்குல வராது.

வாணியம்பாடி: ஏன் சார் விடியக்காலைல மட்டும்?

ராத்திரி தரை குளுந்து போகும், மேல காத்து சூடா மூடி போட்ட மாதிரி நிக்கும், நாத்தம் மேல போகாம தெருவுலயே தங்கிடும். வெயில் ஏறினா கலைஞ்சிடும். மதியம் வந்து மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு போனா அது அளவே இல்ல.

பேரணாம்பட்டு: டேனரில வேலை. மொதல்ல நாறுது, அப்பால தெரியல. பழகிப்போச்சின்னு விட்டுடலாமா?

தம்பி, தயவு செஞ்சி விட்டுடாத. முடி எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடறீங்கல்ல, அந்தத் தண்ணி காரமா இருக்கற வரைக்கும் சல்பைடு உள்ளயே அடங்கிக் கெடக்கும், அதுல அமிலத் தண்ணி கலந்தா ஹைட்ரஜன் சல்பைடு குபுக்குனு கெளம்பிடும், காத்தவிட கனமா இருக்கறதால தொட்டி, குழி அடியில போய் தங்கும். 100 பிபிஎம் கிட்ட போனா மூக்கே மரத்துடும், நாத்தம் நின்ன மாதிரி இருக்கும், கேஸ் அங்கயேதான் இருக்கும். குழியில எறங்கறதுக்கு முன்னாடி மொதல்ல சொன்ன அந்த கேஸ் மீட்டர்தான் வேணும், மூக்கு வேணாம். ஒருத்தர் மயங்கி விழுந்தா தூக்கறேன்னு இன்னொருத்தர் குதிக்காதீங்க, அப்படித்தான் ரெண்டு மூணு உயிரு ஒண்ணா போகுது.

ஆம்பூர், இன்னொருத்தர்: பெட்டிஷன் குடுக்கணும், என்ன எழுதறது?

"எப்பவும் நாறுது"ன்னு எழுதாதீங்க. ஜெர்மனில செய்யற மாதிரி பத்து நிமிஷம் நின்னு பத்து செகண்டுக்கு ஒரு தடவ மோந்து பாருங்க, மொத்தம் 60 தடவ, அதுல 6 தடவ நாறினாலே அந்த மணி நேரத்த நாத்த மணி நேரமா எடுத்துக்கறாங்க அங்க. குடியிருப்புப் பகுதின்னா வருஷத்து மணி நேரத்துல 10 சதவீதம்தான் அவங்க லிமிட். இங்க அது சட்டம் இல்ல, ஆனா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது, முட்டை வாடையா அமோனியா நெடியான்னு நோட்டுல எழுதுங்க, நாத்தம் இல்லாத நாளையும் சேத்து எழுதுங்க, அப்பதான் நோட்ட நம்புவாங்க. தெருவுல நாலு வீடு தனித்தனியா ஒரு மாசம் எழுதி, நாலுலயும் அதே நாள் அதே நேரம் வந்தா அத ஜெராக்ஸ் எடுத்து பெட்டிஷனோட வெச்சிக் குடுங்க.