இரண்டு ரயில், இரண்டு கப்பல், உடைந்துபோன ஒரு பெட்டிச் சக்கரம்

கேள்வி: கணவன் மனைவி இருவர் மட்டும், விமானம் ஏறாமல், ரயிலிலும் கப்பலிலுமாக ஐரோப்பிய நகரங்களைச் சுற்றியிருக்கிறீர்களா? ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது சரிப்பட்டு வருமா?

சுற்றியிருக்கிறோம். 2023 ஜூனில் போனோம். அப்போது எனக்கு 57, அவருக்கு 61. தாராளமாகச் சரிப்பட்டு வரும். பெட்டியைக் குறைக்க மனசு வரவேண்டும், ஊர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அதைவிடப் பெரிய மனசு வரவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மகன் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான். அவன் எக்செல்லில் ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருந்தான்: பதினான்கு நாளில் ஒன்பது ஊர். பார்த்தாலே மூச்சு வாங்கியது. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்டவள். பீரியட் மாறும்போது மணியடித்து ஐந்து நிமிஷம் வீணாவதைப் போல, ஊர் மாறும்போது அரை நாள் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதை ஐந்தாக வெட்டினேன்: ஹாம்பர்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, எஸ்டோனியாவின் தாலின். பாரிஸ் போகாமல் ஐரோப்பாவா என்று என் தங்கை இன்றுவரை கேட்கிறாள்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர்தான் காரணம். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார். திருச்சியில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி ஸ்டீமர் பிடித்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிப் போவாராம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்தப் பாதையும் போயிற்று. இவர் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். கேட்ட கதைதான், பார்த்ததில்லை. ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகன் போகும் ரயில், புட்கார்டன் என்ற துறையில் அப்படியே கப்பலுக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் கடலில் போய் டென்மார்க்கின் ரோட்பியில் இறங்கும் என்று எங்கோ படித்திருக்கிறார். "ஆள் இறங்கிக் கப்பல் ஏறறது இல்ல, ரயிலே ஏறுது" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகன் டிக்கெட் போடும்போதுதான் தெரிந்தது, 2019 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் கடலுக்கடியில் 18 கிலோமீட்டருக்குச் சுரங்கம் கட்டுகிறார்கள். ரயில் இப்போது ஜெர்மனியோடு நிலத்தால் ஒட்டியிருக்கும் டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. மூன்றரை வருஷம் தாமதமாகிவிட்டோம். ஃபோனில் அவர் ஒன்றும் பேசவில்லை. வைத்த பிறகு, "சரி விடு, பெரிய பாலம் ஒண்ணு வருது" என்றார்.

வந்தது. ஓடென்சே என்ற ஊரைத் தாண்டியதும் கிரேட் பெல்ட் என்ற கடல் இடுக்கு. முதலில் தாழ்வான பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட, நடுவிலுள்ள சின்னத் தீவைத் தொட்டுவிட்டு, ரயில் எட்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுகிறது. கார்கள் மட்டும் மேலே தொங்கு பாலத்தில் போகின்றன. பாம்பனின் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போயிற்று, கதவருகே நின்றால் கால் கூசிற்று. இங்கே அந்தப் பயம் கொஞ்சமும் இல்லை, அதனாலேயே கொஞ்சம் சப்பென்றும் இருந்தது.

கோபன்ஹேகன் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 1913-இல் வைத்த கடற்கன்னி சிலை என் இடுப்பு உயரம் சொச்சம்தான், அதற்காக வெயிலில் நடக்காதீர்கள். நியூஹாவன் கால்வாய் ஓரம் காசு கொடுக்காமல் உட்காரலாம், அது போதும்.

ஒரு விஷயம் முக்கியம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசா இருந்தால் உள்ளே எல்லையே கிடையாது என்று நம்பிப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கடியில் வைத்துவிடாதீர்கள். டென்மார்க் நுழையும்போது ரயிலில் போலீஸ் வந்து பார்த்தார்கள். 2000-இல் திறந்த ஓரேசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனில் கால் வைத்ததும், மால்மோவுக்கு முந்தைய நிலையத்தில் மறுபடி பார்த்தார்கள். கீழே வைத்திருந்த பெட்டியைத் திறந்து, புடவைக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே நான் துழாவிக்கொண்டிருக்க, அந்தப் பெண் போலீஸ் பொறுமையாக நின்றது.

பாஸ் எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான யூரெயில் பாஸ், தினம் தினம் நீண்ட தூரம் போகிறவர்களுக்கும் நினைத்த நேரத்தில் ஏறுகிறவர்களுக்கும் லாபம். எங்களுக்கு மொத்தமே இரண்டு பெரிய ரயில். தனித்தனியாக முன்கூட்டியே எடுத்ததில் மலிவாகவே முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். பாஸ் இருந்தாலும் சில ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் காசு.

இப்போது கப்பல். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கு மாலையில் கிளம்பி மறுநாள் காலை பத்தரை மணிவாக்கில் சேரும் கப்பல்கள் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை மிச்சம் என்று நினைத்துத்தான் எடுத்தோம். ஜூன் 22, வியாழக்கிழமை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: ரயில்வேயில் நாற்பது வருஷம் இருந்தவர், ஆனால் எந்த வண்டிக்கும் இரண்டு மணி நேரம் முன்னாடி பிளாட்பாரத்தில் நிற்பார். நான் திட்டிக்கொண்டே கிளம்பினேன். ஸ்லுசென் மெட்ரோவில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டாட்ஸ்கார்டன் துறைக்குப் போனோம். சிவப்பாக ஒரு பெரிய கப்பல் நின்றுகொண்டிருந்தது. "பாத்தியா, நம்ம கப்பல்" என்றார். கவுண்டரில் இருந்த பையன் எங்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு ஒரு பெயரைச் சொன்னான்: வேர்தாஹாம்னென்.

அந்த ஊரில் ஹெல்சின்கி கப்பலுக்கு ஒன்றல்ல, இரண்டு துறைகள். வேறு வேறு கம்பெனி, நகரத்தின் வேறு வேறு பக்கம். சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. டிக்கெட் போட்ட மகனுக்கு அங்கேயே ஃபோன் போட்டு என்ன பிரயோஜனம்?

"என்னங்க, டாக்ஸி பிடிங்க."

"மெட்ரோல போனா எவ்வளவு நேரம்னு கேக்கறேன், இரு."

"டாக்ஸி பிடிங்கன்னு சொன்னேன்."

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் நான்கைந்து தடவைதான் எடுத்திருப்பேன். டாக்ஸி பிடித்தார். கப்பலில் ஏறும் வாசலைப் புறப்படுவதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள், நம் ஊர் ரயில் மாதிரி நகர்கிற வண்டியில் தொற்ற முடியாது. நாங்கள் உள்ளே போனபோது இன்னும் நாற்பது நிமிஷம் மீதி இருந்தது. அதற்குப் பிறகு, சீக்கிரம் கிளம்புவதைப் பற்றி நான் அவரைத் திட்டுவதில்லை.

அறைக்குப் போனால் அடுத்த கூத்து. ஜன்னல் உள்ள அறை என்று பார்த்துத்தான் எடுத்திருந்தோம். திரையை விலக்கினால் கடல் இல்லை, கடைத்தெரு. கப்பலின் நடுவில் ஒரு வீதியே இருக்கிறது, இரண்டு பக்கமும் கடையும் சாப்பாட்டுக் கடையும், மேலே கண்ணாடிக் கூரை. எங்கள் ஜன்னல் அதைப் பார்த்து இருந்தது. எதிரே ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குக் கையசைத்தார். "கடல் பக்கம்" என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டுமே கடல் தெரியும். சில கப்பல்களில் மிக மலிவான அறைகள் கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் நாங்கள் அறையில் இருக்கவில்லை. மேல்தளத்துக்குப் போய்விட்டோம். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே சுமார் முப்பதாயிரம் தீவுகளும் பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய கப்பல் அவற்றுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் மெதுவாக வளைந்து வளைந்து போகிறது. பனியுகம் தேய்த்துவிட்ட வழவழப்பான பாறை, யானை முதுகு தண்ணீரில் கிடப்பது போல. மேலே நாலு பைன் மரம், ஒரு சிவப்பு மர வீடு, ஒரு படகு, துண்டு காயும் ஒரு கொடி. அதற்கு அடுத்த தீவிலும் அதேதான். ஒரு வீட்டுப் படித்துறையில் ஒரு பாட்டி காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். கப்பலின் அலை வந்து சேரும் நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும்போல, சரியாக அப்போது பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார், பிறகு விட்டுவிட்டார்.

நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. செய்ய ஒன்றுமில்லை, பார்க்கவேண்டிய இடம் என்று பட்டியல் இல்லை, இறங்கவேண்டிய ஸ்டாப்பும் இல்லை. ஒன்பது மணிக்கும் வெயில். அவர் திடீரென்று, "தாத்தாவுக்கு ஸ்டீமர்ல வாந்தி வருமாம். எலுமிச்சம்பழம் வெச்சுக்கிட்டுதான் ஏறுவாராம்" என்றார். இதை அதுவரை என்னிடம் சொன்னதேயில்லை.

சாப்பாடு: ஹெர்ரிங் மீனைச் சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறவைத்துத் தருகிறார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, "ஜாங்கிரி ஜீரால மீன் விழுந்துருச்சு" என்றார் அவர். சைவக்காரர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியுமாகச் சமாளிக்கலாம். கோதுமை மாதிரியான ரை என்ற தானியத்தில் செய்த மொறுமொறுப்பான ரொட்டித் தட்டில் வெண்ணெய் தடவி மிளகாய்ப்பொடி தூவினால் பிரமாதம். அறையில் குக்கர் வைக்கக் கூடாது. நான் எடுத்துப்போன ரைஸ் குக்கர் ஹாம்பர்க்கிலேயே மகன் வீட்டில் நின்றது நல்லதாயிற்று.

நடுராத்திரி கப்பல் மரியஹாம்ன் என்ற ஊரில் சில நிமிஷம் நின்றது. யாரும் ஊர் பார்க்க இறங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அது ஓலந்துத் தீவுகள், ஃபின்லாந்துக்குச் சொந்தம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே. 1999-இல் ஒன்றியத்துக்குள் வரியில்லாக் கடைகளை ஒழித்தபோதும், வழியில் இங்கே ஒரு தரம் நின்று போகும் கப்பல்கள் வரியில்லாமல் விற்கலாம் என்று ஆயிற்று. அதனால்தான் கப்பலே ஓடுகிறது என்றுகூடச் சொல்லலாம். காலையில் தள்ளுவண்டிகளில் பீர் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும், விழுப்புரத்துக்காரர்கள் பாண்டிச்சேரி போய்வருவது ஞாபகம் வந்தது.

ஹெல்சின்கி நெருங்கும்போது தூங்கிவிடாதீர்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும், அதை மறந்தால் போச்சு. சுவோமென்லின்னா கோட்டையை ஒட்டிய ஒடுக்கமான வாய் வழியாகக் கப்பல் நுழைகிறது. கரையில் நிற்பவர்களிடம் தீப்பெட்டி கேட்கலாம்போல அவ்வளவு கிட்டே.

ஹெல்சின்கியில் எங்கள் திட்டமிடல் பல்லிளித்தது. ஜூன் 23 வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள். நம் ஊர் பொங்கலுக்குச் சென்னை காலியாவது போல மொத்த ஊரும் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விட்டது. முக்கால்வாசிக் கடை பூட்டு. பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, இருக்கும் ஒரே திறந்த இடமான ரயில் நிலையத்துக்குப் போனோம். அவருக்கு அதுதான் கோயில். பிளாட்பார நுனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்தார். ஸ்வீடன் வரை 1435 மில்லிமீட்டர் இடைவெளி, இங்கே 1524. ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது போட்ட பாதை, சரியாக ஐந்து அடி. "நம்மளது அஞ்சரை அடி. இருந்தாலும் பரவால்ல, நம்ம பக்கம் வந்துட்டாங்க" என்றார். அரை மணி நேரம் அங்கேயே ஓடிற்று. எனக்கும் ஆட்சேபணை இல்லை, குளிர்காற்று இல்லாத பெஞ்சு கிடைத்தது.

அங்கிருந்து தாலின் சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரக் கப்பல். துறையிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தரை முழுக்கக் குண்டுக்கல் என்பதை யாரும் எழுதவில்லை. நகர மண்டபச் சதுக்கத்தில், 1422-ஆம் வருஷத்து ஆவணத்திலேயே பெயர் உள்ள மருந்துக்கடைக்கு எதிரே, என் பெட்டியின் சக்கரம் கழன்று உருண்டு ஓடியது. அவர் துரத்திப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போன ஒரே ஆள் அன்றைக்கு அவராகத்தான் இருக்கும்.

ஒருவருக்கு ஒரு பெட்டி, அதையும் ஒரு மாடி நீங்களே தூக்கிப் பாருங்கள், முடிந்தால் எடுத்துப் போங்கள். எத்தனையோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கும், நாம் நிற்கும் பிளாட்பாரத்தில் மட்டும் பழுதாகி இருக்கும்.

கேள்வியில் விமானம் ஏறாமல் என்று இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தாலினிலிருந்து திரும்பியது விமானத்தில்தான். அங்கிருந்து தெற்கே போலந்து வரை ஐரோப்பிய அகலத்தில் புதிய பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், முடியவில்லை. இருப்பதை வைத்து மாறி மாறிப் போக என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

விசா, அதிக நாள் தங்கும் நாட்டின் பெயரில் போடவேண்டும், எங்களுக்கு ஜெர்மனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் நாங்கள் போனபோது 80 யூரோ, 2024 ஜூனிலிருந்து 90.

சக்கரத்தை வீட்டுக்கு வந்து அவரே போல்ட் போட்டு முடுக்கிவிட்டார், புதுசைவிட நன்றாக ஓடுகிறது. இத்தாலியில் மெசினா நீரிணையில் பயணிகள் ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து இன்னும் கப்பலில் ஏற்றுகிறார்களாம், சிசிலிக்கு. இந்தத் தடவை நிறுத்துவதற்குள் போய்விடவேண்டும் என்று போன வாரத்திலிருந்து அட்டவணையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். எலுமிச்சம்பழம் நான் எடுத்துவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.