தாகங்கா – கடிதம்

வணக்கம் ஐயா,

பின்னலாடை வியாபார விஷயமாகச் சமீபத்தில் மாஸ்கோ போயிருந்தேன். ஒரு மாலை ஓய்வாகக் கிடைத்தது. பல்ஷோய் பாலே அரங்கின் டிக்கெட் விலையைப் பார்த்து மலைத்துப்போய், நீங்கள் முன்பு எழுதிய தாகங்கா நாடக அரங்கு ஞாபகம் வர, மெட்ரோ பிடித்துப் போனேன். பெரிதாக எதிர்பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. சாலையோரம் ஒரு சாதாரணக் கட்டடம், உள்ளே பழைய படங்கள். நாடகம் ஆட்டமும் பாட்டுமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சோவியத் அரசையே நடுங்கவைத்த இடம் இதுதானா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அதனாலா? இல்லை, ஆளெல்லாம் போன பிறகு போனதாலா? இப்படிப்பட்ட இடங்களை வெளியாள் போய்ப் பார்ப்பதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நீங்கள் சொன்ன இரண்டுமே காரணங்கள்தான். முதலில் மொழி. நல்ல நாடகத்துக்கு மொழி தடையில்லை என்று நாங்களெல்லாம் கூட்டங்களில் பேசுவதுண்டு. தாகங்காவில் அந்தப் பேச்சு செல்லாது. அது கவிதையை நம்பி நடந்த அரங்கு. வோஸ்னசென்ஸ்கியின் கவிதைகளை வைத்து 1965இல் ஒரு நாடகம், கவிஞர் மாயகோவ்ஸ்கியை வைத்து 1967இல் இன்னொன்று. வந்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் உள்குத்து தேடினார்கள். ஒத்திகை பார்க்க வந்த அதிகாரிகள் தேடியதும் அதையேதான். இந்த விளையாட்டு புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அரங்கில் பாதி கிடைக்காது. இன்றைய ரஷ்ய இளைஞருக்கே பழைய குத்துகளில் பல எட்டாது.

அரசு நடுங்கியது என்பதும் கொஞ்சம் மிகை. அது அரசு அரங்குதான். சம்பளம் கொடுத்ததும் நாடகத்தைத் தடுத்ததும் ஒரே அலுவலக வரிசைதான். அந்தச் சாதாரணக் கட்டடம் 1911இல் சினிமாக் கொட்டகையாக எழுந்தது. 1946 முதல் அங்கே ஒரு நாடக அரங்கு இருந்தது, கூட்டம் இல்லாமல் தூங்கி வழிந்துகொண்டு. 1964இல் அதை யூரி லியூபிமோவிடம் கொடுத்தார்கள். அவர் அதுவரை வக்தாங்கோவ் அரங்கின் நடிகர், வயது 46. தன் மாணவர்களோடு தயாரித்த, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘செசுவானின் நல்ல மனுஷி’யைக் கொண்டுவந்து, ஏப்ரல் 23 அன்று அரங்கைத் திறந்தார். நீங்கள் பார்த்த பழைய படங்களில், புதுமை இயக்குநர்களான வக்தாங்கோவும் மெயர்ஹோல்டும், கூடவே பிரெக்டும் இருந்திருப்பார்கள். அரசு ஏற்றுக்கொண்ட நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மேலிடத்து வற்புறுத்தலில் வந்து சேர்ந்தவர் என்று சொல்வார்கள். அவரை மாட்டினால் மற்ற மூவருக்கும் ஒரு பாதுகாப்பு என்று நினைத்திருக்கலாம்.

நீங்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். லியூபிமோவின் கெட்டிக்காரத்தனம் மேடைக்கு வெளியேதான் ஆரம்பிக்கும். 1965இல் ரஷ்யப் புரட்சியைப் பற்றிய ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ நாடகத்துக்கு வந்தவர்களை வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரவேற்கவில்லை. செம்படைக்காரர் வேடத்தில் ஒரு நடிகர் துப்பாக்கியோடு நின்று, நீட்டிய டிக்கெட்டைத் துப்பாக்கி முனைக் கத்தியில் குத்தி வாங்கிக்கொண்டார். முன்கூடத்தில் பாட்டு, அக்கார்டியன். நாடகம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பெட்டிகள். பிடித்திருந்தால் டிக்கெட் துண்டைச் சிவப்பில் போடலாம், பிடிக்கவில்லையென்றால் கறுப்பில். தேர்தல் என்றாலே ஒரே பெயர் அச்சிட்ட சீட்டு என்றிருந்த நாட்டில் இப்படி இரண்டு பெட்டி வைப்பது சும்மா வேடிக்கையா, நீங்களே சொல்லுங்கள்.

1971இல், ஐந்து பெண் படைவீரர்களைப் பற்றிய பரீஸ் வஸீலியெவின் போர்க்காலக் கதையை எடுத்தார்கள். தமிழில் ‘அதிகாலையின் அமைதியில்’ என்று மாஸ்கோ பதிப்பாக வந்து பலர் வீட்டு அலமாரியில் இருந்த அதே நாவல். ‘பேராண்மை’ படத்துக்கு மூலமும் அதுதான். மேடை வடிவமைப்பாளர் டேவிட் பொரோவ்ஸ்கி மேடையில் வைத்தது ஒரு ராணுவ லாரியின் பலகைகளை மட்டும். அவையே லாரி, அவையே பெண்கள் குளிக்கும் வெந்நீர் அறை, தொங்கவிட்டால் காட்டு மரங்கள், கிடத்தினால் சதுப்பு நிலம். கடைசியில் ஐந்து பெண்களும் செத்துப்போன பிறகு கைதட்டிவிட்டு எழுந்து வந்தால், மாடிப்படியில் பீரங்கிக் குண்டின் ஐந்து வெற்றுக் கூடுகளில் தீ எரிந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த முறை அந்தப் படிகளில் கொஞ்சம் மெதுவாக இறங்குங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ‘ஹாம்லெட்’. நூலில் புழங்குபவர் நீங்கள், இது உங்களுக்கு ரசிக்கும். அந்த நாடகத்தின் முக்கியப் பாத்திரம் ஒரு திரை. முரட்டுக் கம்பளியால் ஆனது, மகா கனம். மேலே பொருத்திய சட்டத்தில் தொங்கியபடி அது முன்னும் பின்னும் போகும், சுழலும், ஆட்களை வாரிப் பெருக்கித் தள்ளும். பின்னால் ஒளிந்து ஒட்டுக் கேட்கலாம், அரசனும் அரசியும் அதிலேயே சிம்மாசனம்போல் உட்காரலாம். எதிரே மேடை விளிம்பில் நிஜ மண் போட்ட சவக்குழி. ஹாம்லெட்டாக நடித்தவர் மக்கள் கொண்டாடிய கவிஞரும் பாடகருமான விளாதிமிர் விசோத்ஸ்கி. அவர், மக்கள் உள்ளே வந்து இருக்கை தேடும்போதே பின்சுவரோரம் கறுப்பு ஸ்வெட்டரில் கித்தாரோடு உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து முன்னால் வந்து பாடுவது பாஸ்தர்நாக்கின் ‘ஹாம்லெட்’ கவிதை, ‘டாக்டர் ஷிவாகோ’வின் கடைசிப் பகுதியில் இருப்பது. அந்த நாவல் சோவியத் நாட்டில் அச்சானது 1988இல்தான். 17 ஆண்டு முன்னாலேயே அதன் ஒரு பக்கத்தை அரசு அரங்கில், அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் கித்தார் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார்.

பணம் தராமலும் ஒரு நாடகத்தை நிறுத்தப் பார்க்கலாம். 1977இல், சாத்தான் மாஸ்கோவுக்கு வரும் புல்ககோவின் நாவலான ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ போட அனுமதி கிடைத்தது, மேடைச் செலவுக்குக் காசு வரவில்லை. பொரோவ்ஸ்கி பழைய நாடகங்களின் சாமான்களை எடுத்துப் போட்டார். ஹாம்லெட்டின் கம்பளித் திரையை இங்கே சாத்தான் ஆட்டிவைத்தது. ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு அந்தத் திரை உள்ளே வரும்போதே பாதிக் கதை நடந்துவிடும். எனக்கு தாகங்காவில் மிகவும் பிடித்த சாமர்த்தியம் இதுதான். கையில் தாராளமாகப் பணம் இருந்திருந்தால் இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

விசோத்ஸ்கி 1980 ஜூலை 25 அன்று இறந்தார், ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது. பத்திரிகைகளில் பேருக்கு ஒரு சின்ன அறிவிப்பு. ஆனாலும் அரங்கின் முன்னால் சதுக்கம் நிறைந்து, கூரைகளிலும் ஆள் ஏறி நின்றார்கள். அவர் நினைவாகத் தயாரித்த நாடகம் தடை செய்யப்பட்டது. அடுத்து புஷ்கினின் ‘போரிஸ் கோதுனோவ்’, அதற்கும் தடை. லண்டனில் வேலையாக இருந்த லியூபிமோவ் பத்திரிகைப் பேட்டியில் மனம்விட்டுப் பேச, 1984இல் பதவியும் போயிற்று, குடியுரிமையும் போயிற்று. பிறகு திரும்பி வந்தார், 1993இல் குழு இரண்டாக உடைந்தது, 2011இல் நடிகர்களோடு சண்டையிட்டு வெளியேறினார். இந்தக் கடைசிப் பகுதியை விரிக்க எனக்கு விருப்பமில்லை. தணிக்கை போனபின் பழைய தோழர்கள் கட்டடத்துக்காக அடித்துக்கொண்டதில் எந்தப் பக்கமும் அழகாக இல்லை.

ஆகவே ஆள் போன பிறகு போனீர்கள் என்பது உண்மை. ஆனால் நீங்கள் பார்த்தது ஆட்டமும் பாட்டுமான புது நாடகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அதே ஹாம்லெட்டை அதே திரையோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பயம். லியூபிமோவ் மெயர்ஹோல்டின் படத்தை மாட்டினார், அவருடைய நாடகங்களைத் திரும்பப் போடவில்லை.

வெளியாள் போய்ப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா என்றால், எனக்கு உண்டு, ஆனால் முன்தயாரிப்போடு. ஊரிலேயே கதையைப் படித்துவிட்டுப் போங்கள். சீக்கிரமாகப் போய் வாசலையும் முன்கூடத்தையும் சுற்றிப் பாருங்கள். கட்டடத்தை வெளியிலிருந்தும் பாருங்கள். பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் இருப்பது 1980இல் கட்டிய புதிய அரங்கு. 1981இல் அங்கே செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ நடந்தபோது பக்கச்சுவர் திறந்து வெளியே நிஜ மாஸ்கோ தெரியும். மாஸ்கோ போகவேண்டும் என்று நாடகம் முழுக்க ஏங்கும் பெண்களுக்கு, வண்டிகள் ஓடும் நகர வளையச் சாலையைக் காட்டினார் லியூபிமோவ். (வாசலில் குளிர்க்கோட்டைக் கழற்றி ஒப்படைக்கும்போது பைனாகுலர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதைத் திருப்பிக் கொடுப்பவருக்குக் கோட்டு வரிசையில் நிற்காமல் கிடைப்பது அங்கே பழைய வழக்கம்.)

மொழியில்லாமல் ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், தாகங்காவை விட்டுவிட்டு ட்ரியும்ஃபால்னயா சதுக்கத்தில் சைக்கோவ்ஸ்கி இசை அரங்குக்குப் போங்கள். அது முதலில் மெயர்ஹோல்டுக்காகக் கட்ட ஆரம்பித்த நாடக அரங்கு. முன்திரை வேண்டாம், பார்வையாளர் மேடையைச் சுற்றி உட்கார வேண்டும் என்றார் அவர். கட்டி முடிவதற்குள், 1938 ஜனவரியில் அவர் குழுவைக் கலைத்தார்கள். 1939இல் கைது, 1940 பிப்ரவரி 2இல் சுட்டுக் கொன்றார்கள். அதே 1940இல் கட்டடம் இசை அரங்காகத் திறந்தது. திட்டம் மாறினாலும் இருக்கைகளின் வளைவில் அவர் கேட்டது மிச்சமிருக்கிறது. பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் டிக்கெட் வாங்குங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியும். அவர் வாழ்ந்த பிரியூசோவ் சந்து வீடும் அங்கிருந்து தூரமில்லை, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். என்றைக்குத் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்