அந்தப் பதினான்கு நிமிடங்கள்

கேள்வி: நாங்கள் அடிலெய்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜூலை பள்ளி விடுமுறையில், மத்திய ஆஸ்திரேலியாவின் செம்பாறைக் குன்றான ஊலுருவுக்குக் காரிலேயே போகலாம் என்கிறார் என் கணவர். இரண்டு பிள்ளைகளும், திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் உடன் வருகிறார்கள். போன மாதம் ஒத்திகை போல போர்ட் அகஸ்டாவைத் தாண்டிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தோம். மூன்று டிரெய்லர் கோத்த ராட்சத லாரி ஒன்றை இவர் முந்தும்போது எதிரே கார் வந்துவிட்டது. நான் அலறிவிட்டேன். மயிரிழையில் தப்பினோம். நான் கத்தியதால்தான் பதறிவிட்டதாகச் சொல்கிறார். ஊரில் பத்து ஆண்டுகள் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவனுக்கு இது தெரியாதா என்றும் கேட்கிறார். மாமனார் அரசுப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வாயே திறக்கவில்லை. தலைக்கு மேலிருந்த கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். விமானத்தில் போய்விடலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, அடிலெய்டு

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கைப்பிடிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் எத்தனை முறை போய் வந்தேன் என்று கணக்கில்லை. முதல் முறை ரோடு டிரெயினை, அதாவது நீங்கள் சொன்ன அந்தப் பல டிரெய்லர் லாரியை, பார்த்தபோது எனக்கும் கை நடுங்கியது. ஊலுருவுக்குத் திரும்பும் இடமான எர்ல்டண்டாவில் பெட்ரோல் போட நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் மாடு ஏற்றும் வண்டி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வண்டியின் மூக்கிலிருந்து வால் வரை நடந்து பார்க்கச் சொன்னார். எண்ணிக்கொண்டே நடந்தேன். எழுபத்தாறு எட்டு. சட்டம் அனுமதிக்கும் நீளம் 53.5 மீட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடைசி டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று முன்னால் பார்த்தேன். அவருடைய பக்கக் கண்ணாடி என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி எனக்குத் தெரியாவிட்டால் அவருக்கு நானும் தெரியமாட்டேன். அன்று கற்றதை இன்று வரை மறக்கவில்லை.

உங்கள் கணவருக்கு லாரிகள் புதிதல்ல என்பதை நம்புகிறேன். இடப்பக்கம் ஓட்டி வலப்பக்கம் முந்துவது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் திருச்சி சாலையில் கற்ற கை இங்கே இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஒன்று, நம் ஊர் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் ஓட்டுநர் கையை ஆட்டி வழிவிடுவார். இங்கே ஐம்பது மீட்டருக்கு முன்னால் இருப்பவருக்கு உங்கள் ஹாரன் கேட்காது. அவர் போடும் இண்டிகேட்டரை, முந்தலாம் என்பதற்கான சைகையாக நீங்களே அர்த்தம் செய்துகொள்ளவும் கூடாது. இரண்டாவது, தூரம். இதைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

தென் ஆஸ்திரேலியாவில் அந்தச் சாலையில் உங்கள் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். முந்தும்போதும் அதே வரம்புதான், சலுகை கிடையாது. லாரி 100-ல் போகிறது என்று வையுங்கள். நீங்கள் அதைவிட 10 கிலோமீட்டர்தான் அதிகம். அதாவது வினாடிக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. லாரியின் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் போய்ச் சேர வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் 165 மீட்டர் வரும். அதைக் கடக்க ஒரு முழு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கார் 1.8 கிலோமீட்டர் ஓடிவிடும். எதிரே வருகிறவரும் அதே வேகத்தில் இன்னொரு 1.8 கிலோமீட்டர் உங்களை நோக்கி வந்திருப்பார். ஆக, கண்ணுக்கு முன்னால் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை வேண்டும். அன்று உங்கள் கணவருக்கு அத்தனை தூரம் தெரிந்திருந்ததா? அவரையே கேளுங்கள். சண்டைக்காக அல்ல, உண்மையாகவே.

இனி மறுபக்கக் கணக்கு. அதே சாலையில் கிளெண்டாம்போ என்ற சிற்றூரிலிருந்து கூபர் பீடி என்ற ஊர் வரை சுமார் 250 கிலோமீட்டர். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. அந்த முழுத் தூரமும் முந்தாமல், 100-ல் போகும் லாரிக்குப் பின்னாலேயே போனால் எவ்வளவு நேரம் இழப்பீர்கள் தெரியுமா? பதினான்கு நிமிடங்கள். பிள்ளைகள் ஒருமுறை சிறுநீர் கழிக்க இறங்கினால் அதைவிட அதிக நேரம் போய்விடும். இதை மனதார ஒப்புக்கொண்டால் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

லாரிக்கு வெகுதூரம் பின்தங்கிப் போங்கள். ஒட்டிக்கொண்டு போனால் தெறிக்கும் கல் கண்ணாடியைக் கீறும். மாடு ஏற்றிய லாரியாக இருந்தால் சாணமும் மூத்திரமும் கலந்த தூறல் கண்ணாடி முழுக்கப் படியும். வைப்பரைப் போட்டால் இன்னும் மெழுகும். கடைசி டிரெய்லர் பாம்பு வால் போல இப்படியும் அப்படியும் அசைவதையும் தள்ளி நின்றால்தான் பார்க்க முடியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கர்ட் யோஹான்சன் என்பவர், ராணுவம் கழித்துவிட்ட டாங்கி இழுக்கும் வண்டியில் டிரெய்லர்களைக் கோத்து, முன்னது போன தடத்திலேயே பின்னதும் வரும்படி அமைத்தார். மத்திய ஆஸ்திரேலியாவின் மாடுகள் அப்படித்தான் லாரி ஏறின. எனக்கு அந்த மனிதர் மீது பெரிய மதிப்பு உண்டு. ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

முந்தியே ஆக வேண்டும் என்றால், கூடுதல் தடம் போட்ட இடம் வரும் வரை காத்திருங்கள். அது இல்லாவிட்டால் தொடுவானம் வரை நேராகத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். லாரியின் மூக்கைத் தாண்டும் நொடியில் காற்று ஓர் அறை அறையும். லாரியின் இரண்டு முகப்பு விளக்கும் உள்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகே இடப்பக்கம் சேர வேண்டும். சேர்ந்த பிறகு வேகத்தைக் குறைக்கக் கூடாது. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி உங்கள் முதுகில் வந்துகொண்டிருக்கிறது. நினைத்த இடத்தில் அதனால் நிற்க முடியாது.

ரோடு டிரெயின் எதிரே வரும்போது இடப்பக்கமாகவே போனால் போதும். பயந்து சரளைக்கல்லில் சக்கரத்தை இறக்கிவிடாதீர்கள். வண்டி புரளுவது பெரும்பாலும் அங்கேதான். மண் சாலைகளில் தூசி அடங்கும் வரை ஓரம் கட்டி நிற்க வேண்டும், ஆனால் ஊலுரு வரை தார்ச்சாலை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

கையடக்க யு.எச்.எஃப். ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள். உங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கார் ஒன்று வருகிறது, முந்த நினைக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னால், முன்னால் சாலை எப்படி என்று பெரும்பாலும் பதில் வரும். பதில் வந்தாலும் முடிவு உங்கள் கண்ணுடையதாகவே இருக்கட்டும். சாலையோரத்தில் லாரிகளுக்கென்று ஒதுக்கிய ஓய்விடங்களில் காரை நிறுத்திச் சோற்றுப் பொட்டலம் பிரிக்காதீர்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். இடமில்லாமல் தூங்காமல் போகிற ஓட்டுநர்தான் அடுத்த 200 கிலோமீட்டர் உங்களுக்கு எதிரே வருகிறவர். கூபர் பீடி கடையில் நீங்கள் வாங்கப்போகும் பாலும் தக்காளியும் அப்படி ஒருவர் கொண்டுவந்து இறக்கியதுதான்.

விமானம் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் செம்மண்ணையும் வானத்தையும் பிள்ளைகள் தரையிலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு போர்ட் அகஸ்டா, அடுத்தது கூபர் பீடி, அடுத்தது எர்ல்டண்டா. நான்காம் நாள் காலை மேற்கே திரும்பினால் சுமார் 250 கிலோமீட்டரில் ஊலுரு. ஜூலையில் மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நேரம் அது. ஐந்து மணிக்கு அறையில் இருங்கள்.

இனி உங்கள் இருவருக்கும். அவர் முந்தியது தவறு. முந்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் அலறியதும் ஆபத்தானதுதான், தங்கையே; பயம் இயற்கை என்று எனக்குத் தெரிந்தும் சொல்கிறேன். ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கார் வலப்பக்கம் திரும்புவதற்கு முன்னால், பெரியவர்கள் மூவரில் யார் 'வேண்டாம்' என்றாலும் அது வேண்டாம்தான். காரணம் கேட்கக் கூடாது. திரும்பிய பிறகு திரும்பவும் இடப்பக்கம் சேரும் வரை யாரும் பேசக் கூடாது.

அந்தக் கைப்பிடிக்கு வருகிறேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர் சும்மா கைப்பிடியைப் பிடிக்கமாட்டார். மகன் முகம் வாடக்கூடாதென்று பேசாமல் இருந்திருப்பார். இன்று இரவு சாப்பாட்டின்போது, அன்று என்ன நினைத்தீர்கள் மாமா என்று நீங்களே கேளுங்கள். அவர் சொல்லும்போது உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.